பெட்டாவில வாங்கின போரஸ்கோப் கமரா: பழைய பிஸ்டன் பிளேன் எஞ்சினில பாவிச்ச அனுபவம்

போரஸ்கோப் எண்டா மெல்லிய கேபிளின்ர முனையில கமரா வச்சு, ஓட்டைக்குள்ள விட்டுப் பாக்கிற சாமான். முதலே சொல்லிப்போடுறன், இது வீட்டுப் பைப்புக்குள்ள அடைப்புப் பாக்கிறதுக்காக எழுதிற ரிவ்யூ இல்லை. இரத்மலானையில ஒரு ஹேங்கரில பழைய பிஸ்டன் எஞ்சின் பிளேன்களோட வேலை செய்யிற ஆள் நான். அதில எனக்கு நெருக்கமானது 1970களின்ர கடைசியில வந்த ஒரு செஸ்னா 152 ஏரோபாட், சாதாரண ட்ரெய்னர் மாதிரித்தான் தெரியும் ஆனா லூப், ரோல், ஸ்பின் எண்ட வான் சாகசங்கள் எல்லாம் போடக்கூடிய மாதிரி பலப்படுத்தின மொடல், மேல 6 ஜி (புவியீர்ப்பின்ர ஆறு மடங்கு) கீழ 3 ஜி வரைக்கும் தாங்கும். உள்ள இருக்கிறது லைகமிங் ஓ-235, நாலு சிலிண்டர், 110 குதிரைவலு. இந்த எஞ்சினுக்குள்ள எட்டிப் பாக்கத்தான் கமரா வாங்கினன், அந்தக் கண்ணாலதான் இதைப் பத்திக் கதைக்கப் போறன்.

வாங்கினது புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில. அங்க எலக்ட்ரானிக் சாமான் கடைகள் வரிசையா இருக்கும், ஒவ்வொரு கடையிலயும் ரெண்டு மூண்டு வகை போரஸ்கோப் தொங்குது. கடை நானா முதல்ல கேட்டது "வாகனத்துக்கா சேர், பைப்புக்கா?" எண்டுதான். பிளேனுக்கு எண்டதும் ஒரு நிமிஷம் பாத்திட்டு, உள்ளுக்குப் போய் விலை கூடினதை எடுத்துக்கொண்டு வந்து "பாக்கிறதுக்குக் காசில்ல, நல்லாப் பாருங்கோ" எண்டு மேசையில வச்சார். அந்தப் பொறுமைக்கே அவருக்கு மார்க் குடுக்கோணும். போனோட வைஃபையில வேலை செய்யிற மலிவு வகையும் காட்டினார், அது வேண்டாம் எண்டன், படம் பிந்திப் பிந்தி வரும், முனையும் வளையாது. நான் எடுத்தது தனித் திரை உள்ளது, 5.5 மில்லிமீற்றர் தலை, முனை ரெண்டு பக்கமும் வளையும், ஒரு மீற்றர் கேபிள், பிராண்ட் பேர் எண்டு ஒண்டும் இல்லை. 42,000 ரூபா. வெளிநாட்டில எஞ்சின் வேலைக்கெண்டே விக்கிற நல்ல சாமானோட பாத்தா இது மிச்சம் குறைவு.

வளையிற முனை ஏன் முக்கியம் எண்டா, பிளேன் எஞ்சினில ஸ்பார்க் பிளக் ஓட்டை 18 மில்லிமீற்றர், உள்ள போறது பிரச்சினை இல்லை, ஆனா நாங்கள் பாக்க வேண்டிய வால்வுகள் பிளக் இருக்கிற அதே ஹெட்டிலதான் இருக்கு. நேரா உள்ள விட்டா பிஸ்டன் தலையும் எதிர்ச் சுவரும்தான் தெரியும். வால்வு முகத்தைப் பாக்கிறதெண்டா உள்ள போய்த் திரும்பிப் பாக்கோணும். ஓ-235 இன்ர சிலிண்டர் உள் விட்டம் 111 மில்லிமீற்றர்தான், அதுக்குள்ள முனை மடங்கித் திரும்ப இடம் காணோணும். கன கமராக்கள் 180 பாகை வளையும் எண்டு பெட்டியில எழுதியிருக்கும், ஆனா வளையிற பகுதியே நீளமா இருக்கும், வெளியில மேசையில வச்சு வளைச்சா வடிவாத்தான் இருக்கும், சிலிண்டருக்குள்ள போனா முனை எதிர்ச் சுவரில முட்டிக்கொண்டு நிக்கும். நான் வாங்கினது பிஸ்டனை அடிமட்டத்துக்கு இறக்கி வச்சா மட்டும் முழுசாத் திரும்பும். அது போதும்.

இப்ப படத்துக்கு வருவம். தெளிவு நல்லம், எதிர்பாத்ததை விட நல்லம். மூண்டிலிருந்து எட்டு சென்ரிமீற்றருக்குள்ள கூர்மையா இருக்கு, அதுக்கு அங்கால கொஞ்சம் மங்கும். எல்ஈடி வெளிச்சம் கூட்டிக் குறைக்க ஏலும், அதை முழுசா வச்சா பிஸ்டன் தலையில வெளிச்சம் தெறிச்சு எல்லாம் வெள்ளையாத் தெரியும், பாதிக்குக் கீழ வச்சுப் பாருங்கோ. நிறம் ஓரளவுக்கு நம்பலாம், இது சின்ன விஷயம் இல்லை, ஏனெண்டா எக்ஸோஸ்ட் வால்வை, அதாவது எரிஞ்ச வாயுவை வெளிய விடுற வால்வைப் பாக்கேக்க நிறமும் அது பரவியிருக்கிற வடிவமும்தான் எல்லாம்.

ஒரு சுகமான எக்ஸோஸ்ட் வால்வு எப்பிடி இருக்கும் எண்டா, நடுவில செம்மண் நிறமோ மண்ணிறமோ, அதைச் சுத்தி வளையம் வளையமா ஒரே சீரா விளிம்பு வரைக்கும் போகும், நடுவிலிருந்து எந்தப் பக்கம் பாத்தாலும் ஒரே மாதிரி. எரியத் தொடங்கின வால்வில அந்தச் சீர் உடைஞ்சிருக்கும், விளிம்பில ஒரு பக்கம் மட்டும் வெளிறிக் கிடக்கும், சிலதில பச்சை ஓடின மாதிரி, படிவு அந்த இடத்தில மட்டும் காணாமப் போயிருக்கும். வால்வு மூடேக்க வந்து குந்திற வளையமான சீட்டில சரியாக் குந்தாம அந்த இடத்தால சூட்டு வாயு தப்பிப் போகுது எண்டு அர்த்தம். வால்வு தன்ர சூட்டில பெரும் பகுதியைச் சீட்டுக்குத்தான் குடுக்குது, அந்தத் தொடுகை போனா விளிம்பு இன்னும் சூடாகும், இன்னும் வளையும், இன்னும் கசியும், கடைசியில ஒரு துண்டு பிஞ்சு போகும். ஒற்றை எஞ்சின் பிளேனில ஸ்பின்னிலிருந்து எழும்பி முழு திறொட்டில் குடுக்கிற நேரம் அது நடந்தா என்ன ஆகும் எண்டு நான் எழுதத் தேவையில்லை.

கொம்ப்ரெஷன் டெஸ்ட் செய்யிறமே பிறகேன் கமரா எண்டு சிலர் கேக்கினம். அதுக்கு நடந்த ஒண்டைச் சொல்றன். எங்கட ஏரோபாட்டுக்கு டிஃபரென்ஷியல் கொம்ப்ரெஷன் டெஸ்ட் செய்யேக்க மூண்டு சிலிண்டர் 74, 75, 76 எண்டு காட்டிச்சு, மூண்டாம் நம்பர் சிலிண்டர் மட்டும் 66. இந்த டெஸ்டில 80 பிஎஸ்ஐ காத்தை ஒரு சின்ன ஓட்டைக்கூடாக உள்ள விட்டு சிலிண்டரில எவ்வளவு நிக்குது எண்டு பாக்கிறது, 80க்கு 66 எண்டா மிச்சம் எங்கயோ கசியுது. லைகமிங்கின்ர சேர்விஸ் இன்ஸ்ட்ரக்ஷன் 1191 சொல்றது சிலிண்டர்களுக்கிடையில 5 பிஎஸ்ஐ வித்தியாசம் பரவாயில்லை, 10 முதல் 15 வந்தா என்னெண்டு தேடிப் பாக்கச் சொல்லி. தேடிப் பாக்கச் சொல்லித்தான் இருக்கு, உடன கழட்டச் சொல்லி இல்லை. காது வச்சுக் கேட்டம், காபரேட்டர் பக்கம் சத்தம் இல்லை, ஓயில் ஊத்திற வாயில சின்ன மூச்சு மாதிரி எல்லா எஞ்சினிலயும் வாறதுதான், எக்ஸோஸ்ட் குழாயிலதான் ஸ்ஸ் எண்டு வந்தது. அப்ப எக்ஸோஸ்ட் வால்வு. பழைய பழக்கம் எண்டா அண்டைக்கே சிலிண்டர் கீழ இறங்கியிருக்கும்.

கமராவை விட்டுப் பாத்தா வால்வு முகம் முழுக்கச் சீரான வளையம், எரிஞ்ச இடம் ஒண்டும் இல்லை. சீட்டின்ர ஓரத்தில மட்டும் அரிசிக் குறுணி அளவில வெளிறின சாம்பல் நிறத்தில ஒரு படிவு ஒட்டிக்கொண்டு நிண்டது, பாத்த உடனயே ஈயம் எண்டு சொல்லலாம். நாங்கள் அடிக்கிற பிளேன் பெற்றோல், அவ்கேஸ் 100எல்எல் எண்டதில எல்எல் குறைஞ்ச ஈயத்துக்குத்தான், ஆனா அந்தக் குறைஞ்சதும் லீற்றருக்கு 0.56 கிராம் வரைக்கும் போகலாம். இந்த ஓ-235 எல்2சி ஈயம் பிடிக்கிறதுக்குப் பேர் போன எஞ்சின், லைகமிங்கே 1980களில எரியறையின்ர வடிவத்தை மாத்தி என்2சி எண்டு 108 குதிரைவலு மொடல் கொண்டு வந்தது இதுக்காகத்தான். பிளேனைப் பறக்கவிட்டு, வந்ததும் சூடா இருக்கேக்க திருப்பி டெஸ்ட் பண்ணினம், 73. சிலிண்டர் அப்பிடியே இருக்கு, இண்டைக்கும் பறக்குது.

இந்த ஒரு சம்பவத்திலயே கமரா தன்ர காசை உழைச்சுக் குடுத்திட்டுது எண்டுதான் சொல்லுவன். சிலிண்டர் கழட்டிறது லேசான வேலை எண்டு நினைக்கிற ஆக்கள் இருக்கினம். அடித்தள நட்டுகள் கேஸின்ர ரெண்டு பாதியையும் சேத்துப் பிடிக்கிற போல்ட்டுகளோட சம்பந்தப்பட்டது, திருப்பிப் போடேக்க டோர்க் பிழைச்சா நடுவில மெயின் பேரிங் அசையும், சிலிண்டரே கழண்டு பறந்த விபத்துகள் உலகத்தில நடந்திருக்கு. அதோட இங்க எங்களுக்கு வேற கதை. கழட்டின சிலிண்டரை வெளியில அனுப்பி எடுக்கோணும், டொலர், சுங்கம், பேப்பர் வேலை, அதுக்கிடையில பிளேன் ஹேங்கரில மூக்குத் திறந்தபடி உப்புக் காத்தைக் குடிச்சுக்கொண்டு நிக்கும். இரத்மலானையில கடல் கூப்பிடு தூரம்.

உப்புக் காத்து எண்டதும் அடுத்த விஷயம். 2020 இல எல்லாம் பூட்டிக் கிடந்த காலத்தில நிறுத்தி வச்ச இன்னொரு எஞ்சினுக்குள்ள இந்தக் கமராவால பாத்தன், சிலிண்டர் சுவரின்ர மேல் பக்கத்தில மிளகாய்த்தூள் அளவுப் புள்ளி புள்ளியாத் துரு, அதுக்குக் கீழ சுவரைத் தேய்ச்சு (ஹோன் பண்ணி) விட்ட குறுக்குக் கோடுகள் இன்னும் தெளிவாத் தெரியுது. கொம்ப்ரெஷன் டெஸ்டில அது நல்ல நம்பர். துருவை அந்த டெஸ்ட் கண்டுபிடிக்காது, கண்ணாலதான் காணோணும். கிழமைக்கு ஒருக்கா அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி விட்டாப் போதும் எண்டு நினைக்கிற பிளேன் சொந்தக்காரருக்கு இந்தப் படத்தைக் காட்டினன், அது உதவி இல்லை, கெடுதல். எரிஞ்சதில வாற தண்ணி ஓயிலுக்குள்ள போய்ச் சேரும், அது ஆவியாகிறதுக்கு ஓயில் நல்லாச் சூடாகோணும், லைகமிங் கேக்கிறது குறைஞ்சது 165 பாகை ஃபாரன்ஹைட், அது நிலத்தில நிண்டு ஓடி வராது, பறக்கோணும். வாயால சொன்னா ஆக்கள் கேக்கிறேல்லை, திரையில தங்கட சிலிண்டரின்ர துருவைக் கண்டா கேக்கினம். படம் எடுத்து மெமரி கார்ட்டில சேமிக்கலாம், திகதி போட்டு ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி ஃபோல்டர் வச்சிருக்கிறன், போன முறையோட பக்கத்தில வச்சுப் பாக்கிறதுதான் உண்மையான பலன். ஒரு படம் தனிய நிண்டா பெரிசா ஒண்டும் சொல்லாது.

பிஸ்டன் தலையையும் மறக்காமப் பாருங்கோ. ஓரம் சுத்தமாக் கழுவின மாதிரி ஈரமா இருந்தா பிஸ்டன் ரிங்கால ஓயில் மேல வருது. மணல் அடிச்ச மாதிரி ஓரம் குத்துக் குத்தா இருந்தா டெட்டனேஷன் (பெற்றோல் சீரா எரியாம வெடிக்கிறது) நடந்திருக்கு, அது பெரிய கதை, டைமிங், பெற்றோல், மிக்ஸர் எண்ட காத்து-பெற்றோல் கலவை எல்லாம் தேடோணும்.

இனிக் குறைகள். சரியான கோபம் வந்தது அந்தக் கண்ணாடி மூடிக்குத்தான். பெட்டிக்குள்ள ஒரு சின்னச் சாய்வுக் கண்ணாடி, ஒரு காந்தம், ஒரு கொக்கி எல்லாம் தந்திருக்கிறாங்கள், முனையில கொழுவிறதுக்கு. கண்ணாடி சும்மா பிளாஸ்ரிக் கிளிப், கையால தட்டினாலே கழருது. இதைப் போட்டுக்கொண்டு சிலிண்டருக்குள்ள விட்டா, விழுந்தா அவ்வளவுதான், அதை எடுக்கிறதுக்கே சிலிண்டர் கழட்டோணும். பெட்டியைத் திறந்த அண்டைக்கே அந்த மூண்டையும் ஹேங்கருக்கு வெளியில கொண்டு போய் வச்சிட்டன், நீங்களும் அப்பிடியே செய்யுங்கோ. செய்யிறவங்கள் ஏன் இதைத் தாறாங்கள் எண்டே விளங்கேல்லை.

அடுத்தது சூடு. கேபிளும் முனையும் 70 பாகை செல்சியஸுக்கு மேல தாங்காது எண்டு கையேட்டில இருக்கு. கொம்ப்ரெஷன் டெஸ்ட் எஞ்சின் சூடா இருக்கேக்க செய்யிற வேலை, கமரா ஆறின பிறகு செய்யிற வேலை. ஆகவே முதல்ல டெஸ்ட், பேந்து எஞ்சின் மூடியை (கௌலிங்கை) திறந்து விட்டிட்டு சாப்பிடப் போங்கோ, வந்து கமரா. அவசரப்பட்டு சூட்டோட விட்டா லென்ஸுக்கு முன்னால இருக்கிற பசை இளகும்.

வளைக்கிற சக்கரம் போகப் போக இளகுது. வாங்கின புதுசில முனை நிண்ட இடத்தில நிண்டது, இப்ப கையை எடுத்தா மெதுவா நேராகுது, அதால ஒரு கையால சக்கரத்தைப் பிடிச்சுக்கொண்டு மற்றக் கையால கேபிளைத் திருப்ப வேண்டியிருக்கு, படம் எடுக்கிற பட்டனுக்கு மூண்டாவது கை தேடோணும். முனை வளைஞ்சபடி இருக்கேக்க வெளிய இழுத்திடாதேங்கோ, பிளக் ஓட்டையின்ர விளிம்பில கொழுவும். நேராக்கிப்போட்டுத்தான் எடுக்கோணும். பற்றரி நல்லம், நாலு சிலிண்டரையும் ஆறுதலாப் பாத்து முடிச்சாலும் மிச்சம் இருக்கும்.

இது காட்டாத விஷயங்களும் இருக்கு, வாங்கப் போற ஆக்கள் அதைத் தெளிவா வச்சிருக்கோணும். காலமை முதல் ஸ்டார்ட்டில எஞ்சின் ஒரு சிலிண்டர் இல்லாத மாதிரி நொண்டி உதறி, ரெண்டு நிமிஷத்தில தானாச் சரியானா, சூடாகினதும் போயிட்டுது தானே எண்டு விடாதேங்கோ, எக்ஸோஸ்ட் வால்வின்ர தண்டு அது ஓடுற குழாயான கைடுக்குள்ள பிடிபடுது எண்டதுக்கு அதுதான் அடையாளம். அது கமராவில தெரியாது, வால்வு முகம் பளிச்செண்டு சீரா இருக்கும், தண்டு உள்ள இறுகிக் கிடக்கும். அதுக்கு லைகமிங்கின்ர சேர்விஸ் புலட்டின் 388 இல சொல்ற ஆட்டிப் பாக்கிற சோதனைதான். கேம்ஷாஃப்டும் தெரியாது, லைகமிங்கில அது கிராங்குக்கு மேல இருக்கு, நிறுத்தி வச்சா ஓயில் முழுக்க வடிஞ்சு முதல்ல துரு பிடிக்கிறதே அங்கதான், ஓயில் ஃபில்டரை வெட்டி மடிப்புகளை விரிச்சுத் துகள் இருக்கோ எண்டு பாக்கிறதை இது குறைக்காது. பிளக்குகளுக்குப் பொறி குடுக்கிற ரெண்டு மெக்னீட்டோவும் தெரியாது. 1700 ஆர்பிஎம்மில ஒரு மெக்னீட்டோவுக்கு மட்டும் மாத்தேக்க 125க்கு மேல விழுந்தாலோ ரெண்டு பக்கத்துக்கும் 50க்கு மேல வித்தியாசம் வந்தாலோ கமராவைத் தேடாதேங்கோ, முதல்ல கீழ்ப் பக்கப் பிளக்குகளைக் கழட்டுங்கோ, ஈய மணி உருண்டு கிடக்கும், பத்தில எட்டுக்கு அதுதான். அது வராம இருக்க பிளேன் நிலத்தில ஓடேக்க (டாக்ஸியில) மிக்ஸரை மெலிசா வச்சிருக்கிறதும் நிப்பாட்ட முதல் 1800இல கொஞ்ச நேரம் ஓடவிட்டு, பேந்து குறைச்சு நிப்பாட்டிறதும் லைகமிங்கே சொன்ன பழக்கம், எங்கட பிள்ளையளுக்கு நான் சொல்லிச் சொல்லி வாய் நோகுது.

ஏரோபாட்டிக் பறக்கிற எஞ்சினுக்கு இன்னொரு கவனிப்பு. ஏரோபாட்டில தலைகீழ் ஓயில் சிஸ்டம் இல்லை, ரோலில கொஞ்ச நேரம் ஜி குறையேக்க ஓயில் பிறீதர் எண்ட எஞ்சின் காத்துக் குழாய் வழியா வெளிய போய் வயித்துப் பக்கம் முழுக்கப் பூசும். அதைப் பாத்துட்டு ரிங் போயிட்டுது எண்டு முடிவெடுத்த ஆக்களை எனக்குத் தெரியும். கமராவை விட்டுப் பாருங்கோ, பிஸ்டன் ஓரம் காஞ்சு கிடந்தா ரிங்கில குற்றம் இல்லை.

பழைய டி ஹவிலாண்ட் கொம்பனிப் பிளேன்கள் பக்கம் ஆக்களுக்கு ஒண்டு சொல்லோணும். நான் கொஞ்சக் காலம் இங்கிலாந்தில அவையின்ர சிப்மங்க் ட்ரெய்னர் பிளேன்களோட வேலை செய்தனான், 1951 இல எங்கட விமானப்படை தொடங்கேக்க முதல் வந்த பிளேன் அது, அதால எனக்கு அதில தனிப் பாசம். அதில இருக்கிற ஜிப்ஸி மேஜர் எஞ்சின் தலைகீழ், சிலிண்டர்கள் கீழ தொங்கும். இரத்மலானையில 1935 நவம்பர் 27 முதல் முதலா இறங்கின பிளேன், மெட்ராஸிலிருந்து வந்த புஸ் மொத், அதுவும் இந்தக் குடும்பத்துத் தலைகீழ் எஞ்சினோடதான் வந்தது. இதில ஹெட் அடியில இருக்கிறதால கசியிற ஓயில் எல்லாம் வால்வுக்கு மேல தேங்கும், கமராவை விட்டா முகம் தெரியாது, கறுப்புக் குளம் தெரியும், லென்ஸும் ஓயில் பூசிடும். முதல் நாளே பிளக்கைக் கழட்டி வடிய விட்டு, அடுத்த நாள் பாக்கோணும். அந்தத் தேங்கின ஓயில்தான் ஹைட்ராலிக் லொக்குக்கும் (ஓயில் நிரம்பிப் பிஸ்டன் அசைய ஏலாம நிக்கிறதுக்கும்) காரணம், சுவிச் ஓஃபில புரொப்பைக் கையால மெதுவாச் சுத்திப் பாக்காம ஸ்டார்ட் பண்ணினா கொன்றொட் வளையும். சீனன்குடாவில பறக்கிற பிடி-6 ட்ரெய்னர் பிளேனில இருக்கிற மாதிரி, சிலிண்டர்கள் வட்டமா நிக்கிற ரேடியல் எஞ்சின்களிலயும் கீழ்ச் சிலிண்டர்களுக்கு இதே கதைதான்.

பாதுகாப்பு பத்தி ஒரு பந்தி, தயவுசெய்து தாண்டிப் போகாதேங்கோ. கமரா விடுறதுக்கு பிஸ்டனை இறக்க புரொப்பைத் திருப்ப வேண்டி வரும். அதுக்கு முதல் ஒவ்வொரு சிலிண்டரிலயும் மேல் பிளக் கழண்டிருக்கோணும், கீழ்ப் பிளக்கின்ர வயரும் கழட்டியிருக்கோணும், மெக்னீட்டோவின்ர எர்த் வயர் ஒண்டு அறுந்திருந்தா சுவிச் ஓஃப் எண்டு காட்டினாலும் அது உயிரோடதான் இருக்கும். கொம்ப்ரெஷன் டெஸ்டில இன்னும் மோசம், 80 பிஎஸ்ஐ அந்தப் பிஸ்டனில விழுந்தா கிட்டத்தட்ட 1,200 இறாத்தல் விசை, உச்சியிலிருந்து துளி விலகினாலும் புரொப் சுத்தி அடிக்கும். பிடிக்கிறதுக்கு விஷயம் தெரிஞ்ச இன்னொரு ஆள் இல்லாட்டி அண்டைக்கு அந்த வேலை இல்லை. பாத்து முடிவெடுத்துக் கையெழுத்து வைக்கிறது லைசன்ஸ் உள்ள எஞ்சினியர், கமரா அவருக்குக் கண் மட்டும்தான்.

5க்கு 4 குடுக்கிறன். ஒண்டு குறைச்சது சக்கரத்துக்கும் அந்தக் கண்ணாடி மூடிக்கும். வாங்கப் போற ஆக்கள் கையோட ஒரு வெறும் பால்மா டின் கொண்டு போங்கோ, 11 சென்ரிமீற்றர் அகலத்துக்குக் கிட்ட இருந்தா நல்லம், மூடியில பெருவிரல் அளவு ஓட்டை போட்டு, ஓட்டைக்குப் பக்கத்தில உள் பக்கமாப் பேனையால ஏதாவது எழுதி வையுங்கோ. கடையிலயே கமராவை அதுக்குள்ள விட்டுத் திருப்பி, எழுதினதை வாசிக்க ஏலுமோ எண்டு பாருங்கோ. ஏலாட்டி அந்த மொடல் உங்கட சிலிண்டரில வால்வு காட்டாது, எவ்வளவு மலிவெண்டாலும் வேண்டாம். வொறண்டி ஆறு மாசம் எண்டு பில்லில எழுதித் தந்தவை, முனைக் கேபிள் மட்டும் தனியா எடுத்துத் தர ஏலுமோ எண்டு கேட்டு வச்சிருக்கிறன், வந்தா இங்கயே எழுதிறன்.